ஆங்கில வினைக் காலங்கள்

ஆங்கில வினைக் காலங்கள் என்பன, ஒரு செயல் எப்பொழுது நிகழ்ந்தது, நிகழ்கின்றது அல்லது நிகழவுள்ளது என்பதையும், பேசுபவர் அச்செயலை எவ்வாறு நோக்குகிறார் என்பதையும் உணர்த்தும் ஆங்கில வினை வடிவங்களாகும். பள்ளிப் பாடநூல்கள் பொதுவாக இவற்றைப் பன்னிரண்டு எனக் கணக்கிட்டு அட்டவணையாகத் தருகின்றன. தற்கால மொழியியலாளர் பலரோ ஆங்கிலத்தில் சொல்வடிவ மாற்றத்தால் உணர்த்தப்படும் காலங்கள் நிகழ்காலம், இறந்தகாலம் ஆகிய இரண்டு மட்டுமே என்கின்றனர். இரு சாராரும் ஒரே மொழியையே விவரிக்கின்றனர். "காலம்" என்ற சொல்லுக்கு அவர்கள் தரும் பொருளே வேறுபடுகின்றது.

தமிழில் காலம் என்னும் ஒரே சொல், உலகில் கழியும் பொழுதையும் வினைச்சொல்லின் இலக்கண வடிவத்தையும் குறிக்கின்றது. ஆங்கிலத்தில் முன்னது "டைம்" எனவும், பின்னது "டென்ஸ்" எனவும் வழங்கும். இரண்டாவது சொல் பொழுதைக் குறிக்கும் "டெம்புஸ்" என்னும் இலத்தீன் சொல்லில் இருந்து பழைய பிரெஞ்சு மொழி வழியாக வந்ததாகும். இவ்விரண்டும் எப்போதும் ஒத்துச் செல்வதில்லை. "ஐ லீவ் டுமாரோ" (நான் நாளை புறப்படுகிறேன்) என்பதில் வடிவம் நிகழ்காலம், பொழுது எதிர்காலம். "இஃப் ஐ ஹேட் மணி நவ்" (இப்பொழுது என்னிடம் பணம் இருந்தால்) என்பதில் வடிவம் இறந்தகாலம், பொழுதோ இக்கணம். ஆங்கிலம் கற்போர் அடையும் குழப்பங்களில் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டைக் கவனியாமையால் விளைவதாகும்.

பன்னிரண்டு வடிவங்கள்

"ரைட்" (எழுது) என்னும் வினையைக் கொண்டு பாடநூல் அட்டவணையைப் பின்வருமாறு அமைக்கலாம். நிகழ்காலத்தில் "ஹி ரைட்ஸ்" என்பது சாதாரண வடிவம், "ஹி இஸ் ரைட்டிங்" என்பது தொடர் வடிவம், "ஹி ஹேஸ் ரிட்டன்" என்பது நிறைவு வடிவம், "ஹி ஹேஸ் பீன் ரைட்டிங்" என்பது நிறைவுத் தொடர் வடிவம். இறந்தகாலத்தில் இவை முறையே "ஹி ரோட்", "ஹி வாஸ் ரைட்டிங்", "ஹி ஹேட் ரிட்டன்", "ஹி ஹேட் பீன் ரைட்டிங்" என வரும். எதிர்காலத்தில் "ஹி வில் ரைட்", "ஹி வில் பி ரைட்டிங்", "ஹி வில் ஹேவ் ரிட்டன்", "ஹி வில் ஹேவ் பீன் ரைட்டிங்" என அமையும்.

மூன்று காலங்களை நான்கு நிலைகளால் பெருக்கியே பன்னிரண்டு என்ற எண் பெறப்படுகின்றது. இந்நான்கு நிலைகளும் காலத்தைக் காட்டுவன அல்ல. செயல் முழுமையாகப் பார்க்கப்படுகின்றதா, நடந்துகொண்டிருப்பதாகப் பார்க்கப்படுகின்றதா, அதன் விளைவு கருதிப் பார்க்கப்படுகின்றதா என்பதையே அவை காட்டுகின்றன. மொழியியலில் இது "ஆஸ்பெக்ட்" எனப்படும். தமிழில் வினைநோக்கு எனக் குறிக்கலாம்.

எதிர்காலம் தனி டென்ஸ் அல்ல என்று கூறுவோரின் காரணம் வடிவம் சார்ந்தது. தமிழில் செய்தான், செய்கிறான், செய்வான் என மூன்று காலங்களும் வினைச்சொல்லுக்குள்ளேயே இடைநிலைகளால் காட்டப்படுகின்றன. ஆங்கிலத்தில் "வாக்" என்னும் வினை "வாக்ஸ்" என்றும் "வாக்ட்" என்றும் மாறுகின்றதே தவிர, எதிர்காலத்துக்கென ஒரு விகுதியைப் பெறுவதில்லை. "வில்" என்னும் தனிச்சொல் முன்னே நிற்கின்றது. இச்சொல் "கேன்", "மே", "மஸ்ட்" ஆகிய துணைவினைகளின் இனத்தைச் சேர்ந்தது. இயலும், கூடும், வேண்டும் என்பன போன்று பேசுபவரின் கருத்தையும் இது ஏற்றிச் சொல்கின்றது. கதவு தட்டப்படும்போது "தட் வில் பி த போஸ்ட்மேன்" என்றால் அது வருங்காலச் செய்தி அன்று, இப்போதைய ஊகம். தமிழிலும் அவ்விடத்தில் "அது தபால்காரராக இருக்கும்" என்றே சொல்லப்படுவது கவனிக்கத்தக்கது.

வரலாறு

பழைய ஆங்கிலம் ஏனைய செருமானிய மொழிகளைப் போலவே நிகழ்காலம், இறந்தகாலம் என்னும் இரண்டு வடிவங்களை மட்டுமே கொண்டிருந்தது. வருங்காலச் செய்திகளுக்கு நிகழ்கால வடிவமே பயன்பட்டது. "வில்" அக்காலத்தில் விரும்புதலையும், "ஷல்" கடப்பாடு உடைமையையும் குறித்த முழு வினைகளாகும். விருப்பமும் கடமையும் இனி நிகழப்போவதைப் பற்றியனவாதலால், இவை படிப்படியாக எதிர்காலச் சொற்களாயின.

நிறைவு வடிவத்தின் தோற்றமும் இவ்வாறானதே. "ஹேவ்" என்பது உடைமையைக் குறிக்கும் வினை. தொடக்கத்தில் இவ்வமைப்பு "எழுதப்பட்ட நிலையில் ஒரு கடிதம் என்னிடம் உள்ளது" என்ற பொருளைத் தந்தது. பின்னர் அதுவே "நான் கடிதம் எழுதியுள்ளேன்" என்றாயிற்று. கடிதம் எழுதிய செயல் முன்பு நடந்ததாயினும், "உள்ளது" என்ற நிகழ்காலக் கூறு அதனுள் இன்றும் மறையாமல் இருக்கின்றது. நிறைவு வடிவத்தின் இன்றைய விதிகள் பலவற்றை இந்தப் பழைய பொருளைக் கொண்டே விளக்கிவிடலாம்.

ஆங்கிலத்துக்கான முதல் அச்சு இலக்கணம் எனக் கருதப்படும் நூலை வில்லியம் புல்லோக்கர் 1586 இல் வெளியிட்டார். அது இலத்தீன் இலக்கணத்தை முன்மாதிரியாகக் கொண்டிருந்தது. இலத்தீனில் வினைச்சொல்லே பல காலங்களுக்கு உருமாறுவதால், ஆங்கிலத்திலும் அத்தனை காலங்களைத் தேடும் வழக்கம் தொடர்ந்தது. கணித அறிஞரான ஜோன் வாலிசு 1653 இல் இலத்தீன் மொழியிலேயே எழுதிய ஆங்கில இலக்கணத்தில், ஆங்கிலத்தை இலத்தீன் அச்சில் வார்ப்பது தவறு எனவும், ஆங்கில வினைக்குக் காலங்கள் இரண்டே எனவும் குறிப்பிட்டார். தன்மையில் "ஷல்", முன்னிலையிலும் படர்க்கையிலும் "வில்" என்று பள்ளிகளில் நெடுங்காலம் கற்பிக்கப்பட்ட விதியும் அவருடைய நூலில் இருந்து வந்ததே. அன்றாட வழக்கு அவ்விதியை ஒருபோதும் முழுமையாகப் பின்பற்றியதில்லை. இன்று "ஷல்" பெரும்பாலும் "ஷல் வி கோ?" போன்ற வினாக்களிலும் சட்ட ஆவணங்களிலும் மட்டுமே எஞ்சியுள்ளது.

லிண்ட்லி மரே 1795 இல் வெளியிட்ட இலக்கண நூல் ஆறு காலங்களைக் கூறியது. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் மிகப் பரவலாகப் பயன்பட்ட பாடநூல் அது. இருபதாம் நூற்றாண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த ஒட்டோ எசுப்பர்சன் ஆங்கிலத்துக்கு உண்மையான எதிர்கால வடிவம் இல்லை என வாதிட்டார். ராண்டல்ஃப் குவர்க்கும் அவருடன் மூவரும் 1985 இல் வெளியிட்ட பேரிலக்கணமும், ஹடில்ஸ்டனும் புல்லமும் தலைமையேற்று 2002 இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் இலக்கணமும் "வில்" என்பதை எதிர்கால டென்ஸ் எனக் கொள்ளவில்லை. நிறைவு வடிவத்தை எவ்வாறு வகைப்படுத்துவது என்பதில் இவ்விரு நூல்களும் ஒன்றுபடவில்லை.

இறந்தகால வடிவ மாற்றம்

பெரும்பாலான வினைகள் எழுத்தில் ஒரே விகுதியைப் பெற்று இறந்தகாலமாகின்றன. ஒலிப்பில் அவ்விகுதி மூன்றாகப் பிரிகின்றது. "வாக்" போல ஒலிப்பற்ற மெய்யில் முடியும் வினைகளுக்குப் பின் அது வல்லோசை பெறும். "பிளே", "கால்" போன்றவற்றின் பின் குரல் அதிர்வுடன் மெலிந்து ஒலிக்கும். "வாண்ட்", "நீட்" போலத் தகர ஒலியில் முடியும் வினைகளுக்குப் பின் மட்டும் ஓர் உயிரொலி சேர்ந்து "வாண்டெட்", "நீடெட்" எனத் தனி அசையாகும். எழுத்தைப் பார்த்துப் படிப்போர் எல்லா வினைகளையும் இம்மூன்றாம் வகையாக ஒலித்து "வாக்கெட்" என்பது பொதுவான பிழையாகும்.

ஒழுங்கற்ற வினைகள் ஏறக்குறைய 200 உள்ளன. இவற்றுள் பல, உயிரொலியை மாற்றிக் காலம் காட்டும் பழைய செருமானிய முறையின் எச்சங்களாகும். "சிங்", "சாங்", "சங்" என்பது ஓர் எடுத்துக்காட்டு. மொழியில் மிகுதியாகப் பயிலும் வினைகளே பெரும்பாலும் ஒழுங்கற்றவையாக உள்ளன. அடிக்கடி கேட்கப்படும் வடிவம் நினைவில் நிலைப்பதால், பொது விகுதி அதன் இடத்தைப் பிடிப்பதில்லை. அருகிப் பயின்றவை காலப்போக்கில் ஒழுங்கு வினைகளாக மாறிவிட்டன. "கோ" என்பதன் இறந்தகாலமான "வென்ட்", உண்மையில் "வெண்ட்" என்னும் வேறொரு வினைக்கு உரியது.

சாதாரண நிகழ்காலமும் தொடர் நிகழ்காலமும்

சாதாரண நிகழ்காலம் என்ற பெயர் ஓரளவு தவறான எண்ணத்தைத் தருவதாகும். இவ்வடிவம் இக்கணத்தில் நடப்பதைக் குறிப்பது குறைவு. "ஷி டீச்சஸ் மேத்ஸ்" என்றால் அவர் கணித ஆசிரியர் என்பதே பொருள். அவர் அவ்வேளையில் உறங்கிக்கொண்டும் இருக்கலாம். இப்பொழுது வகுப்பில் நின்று கற்பிப்பதைச் சொல்ல "ஷி இஸ் டீச்சிங்" என்னும் தொடர் வடிவமே வேண்டும். தமிழில் "கற்பிக்கிறார்" என்பது இரண்டுக்கும் பொதுவாக நிற்பதால், தமிழ் பேசுவோருக்கு இவ்வேறுபாடு இயல்பாகத் தோன்றுவதில்லை.

வழக்கமான செயலைச் சொல்லும்போது மற்றொரு சிக்கல் எழுகின்றது. "அவர் தினமும் ஆறு மணிக்கு எழுவார்" என்பதில் தமிழ் எதிர்கால வடிவத்தைப் பயன்படுத்துகின்றது. இதை அப்படியே "ஹி வில் கெட் அப் அட் சிக்ஸ்" என மாற்றினால், கேட்பவர் பெரும்பாலும் அதை நாளைய திட்டம் என எடுத்துக்கொள்வார். ஆங்கிலத்துக்கு இங்கு உரியது "ஹி கெட்ஸ் அப் அட் சிக்ஸ்". "அந்நாளில் அவர் ஆறு மணிக்கு எழுவார்" எனக் கடந்தகால வழக்கத்தைக் கூறும்போதும் தமிழ் வடிவம் மாறுவதில்லை. ஆங்கிலம் அங்கு "யூஸ்ட் டு" அல்லது "வுட்" என்னும் சொல்லை நாடும்.

எல்லா வினைகளும் தொடர் வடிவத்தை ஏற்பதில்லை. மெய்யியலாளர் சேனோ வெண்ட்லர் 1957 இல் எழுதிய கட்டுரையொன்றில் வினைகளை அவை உணர்த்தும் நிகழ்வின் தன்மைக்கேற்ப நான்காக வகுத்தார். அவற்றுள் ஒன்று நிலை வினைகள். "நோ" (அறி), "பிலாங்" (உரித்தாகு), உடைமைப் பொருளில் வரும் "ஹேவ்" ஆகியன இவ்வகையின. அறிதல் என்பது படிப்படியாக நடந்து முடிவதன்று. அது இருக்கும் அல்லது இராது. ஆகவே "ஐ ஆம் நோயிங்" என்பது பொது ஆங்கிலத்தில் ஏற்கப்படுவதில்லை. எனினும் இவ்வகைத் தொடர்கள் இந்திய ஆங்கிலப் பேச்சில் பரவலாக உள்ளன. "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" என்பது நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. ஆயினும் "ஹேவ்" உண்ணுதலைக் குறிக்கும்போது அது செயல் வினையாகிவிடுவதால் "ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்" என்பது முற்றிலும் சரியானதே.

செய்தித் தலைப்புகள், விளையாட்டு வருணனை, கதைச் சுருக்கம் ஆகியவற்றிலும் சாதாரண நிகழ்காலம் வரும். இறந்த எழுத்தாளரின் நூலைப் பற்றிப் பேசும்போதும் "ஷேக்ஸ்பியர் ஷோஸ்" என நிகழ்காலத்தில் கூறுவது மரபு.

நிறைவு வடிவம்

ஆங்கிலக் காலங்களுள் கற்போருக்கு மிகுந்த இடர் தருவது நிகழ்கால நிறைவு வடிவமாகும். செயல் அண்மையில் முடிந்தால் நிறைவு வடிவம், முன்பே முடிந்தால் சாதாரண இறந்தகாலம் என்று சில கையேடுகள் கூறும். இது தவறான வழிகாட்டல். "டைனோசர்ஸ் ஹேவ் டைட் அவுட்" (தைனோசர்கள் அழிந்துவிட்டன) என்பது பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய செய்தியாயினும் பிழையன்று. ஒரு நிமிடம் முன் நடந்ததையும் "ஹி லெஃப்ட் எ மினிட் அகோ" எனச் சாதாரண இறந்தகாலத்தில்தான் சொல்லவேண்டும். செயலுக்கும் பேச்சுக்கும் இடையிலுள்ள தொலைவு இதைத் தீர்மானிப்பதில்லை. பேசுபவர் செயலை நிகழ்காலத்துடன் இணைத்துப் பார்க்கிறாரா, கடந்துபோன ஒரு பொழுதில் வைத்துப் பார்க்கிறாரா என்பதே தீர்மானிக்கின்றது.

1969 சூலை 20 அன்று அப்பல்லோ 11 இன் இறங்குகலம் நிலவில் இறங்கியதும், நீல் ஆம்ஸ்ட்ராங் ஹியூஸ்டனில் உள்ள கட்டுப்பாட்டு நிலையத்துக்கு "தி ஈகிள் ஹேஸ் லேண்டட்" என அறிவித்தார். ஈகிள் என்பது கலத்தின் பெயர். கலம் தரையில் நிற்கின்றது என்ற நிகழ்கால நிலையே அங்கு செய்தி. எனவே நிறைவு வடிவம். அதே நிகழ்வை வரலாற்று நூல் எழுதும்போது "தி ஈகிள் லேண்டட் ஆன் தி மூன் இன் 1969" என்றே எழுதவேண்டும். ஆண்டைக் குறித்தவுடன் நிகழ்வு அந்த ஆண்டுக்கு உரியதாகிவிடுகின்றது. "ஹேஸ் லேண்டட் இன் 1969" என்பது ஆங்கிலத்தில் வழு. "எஸ்டர்டே", "லாஸ்ட் இயர்", "அகோ" போன்ற, முடிந்துபோன பொழுதைச் சுட்டும் சொற்களுடன் நிகழ்கால நிறைவு வடிவம் வராது என்னும் விதியின் அடிப்படை இதுவே.

தமிழில் இத்தகைய தடை இல்லை. "அவர் நேற்று வந்திருக்கிறார்" என்பது இயல்பான தொடர். மேலும் தமிழ் "இரு" துணைவினை, நேரில் காணாததை அடையாளம் கொண்டு ஊகிக்கவும் பயன்படும். முற்றம் நனைந்திருப்பதைப் பார்த்து "இரவு மழை பெய்திருக்கிறது" என்பர். ஆங்கிலத்தில் அவ்வூகத்துக்கு "இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட்" என்னும் அமைப்பு உண்டு. ஆகவே "இருக்கிறது" என வரும் ஒவ்வோரிடத்திலும் "ஹேஸ்" என்பதை வைத்து மொழிபெயர்க்கும் முறை அடிக்கடி பிழையில் முடிகின்றது.

வடிவத் தேர்வு பொருளை மாற்றும் இடங்களும் உள்ளன. "ஐ ஹேவ் லிவ்ட் இன் லண்டன் ஃபார் ஃபைவ் இயர்ஸ்" என்பவர் பொதுவாக இன்னும் இலண்டனில் வசிக்கிறார். "ஐ லிவ்ட் இன் லண்டன் ஃபார் ஃபைவ் இயர்ஸ்" என்பவர் அந்நகரை விட்டு நீங்கியவர். வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவர் தம் அனுபவத்தைக் குறிப்பிடும்போது இவ்வேறுபாடு, அவர் தற்போதும் பணியில் உள்ளாரா இல்லையா என்பதையே மாற்றிவிடும். "ஐந்து ஆண்டுகளாக இங்கு வேலை செய்கிறேன்" என்ற தமிழ்த் தொடரில் நிகழ்காலம் இருப்பதால், "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்" என எழுதுவோர் பலர். உரிய வடிவம் "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்" என்பதாகும். இதே போல் "ஹி ஹேஸ் கான் டு பாரிஸ்" என்றால் அவர் இப்போது அங்கு இருக்கிறார் அல்லது செல்லும் வழியில் இருக்கிறார். "ஹி ஹேஸ் பீன் டு பாரிஸ்" என்றால் சென்று திரும்பியவர்.

இறந்துபோன ஒருவரைப் பற்றிக் கூறும்போதும் இவ்வுணர்வு வெளிப்படும். "மை கிராண்ட்மதர் ஹேஸ் டோல்ட் மி மெனி ஸ்டோரிஸ்" என்று கேட்டவுடன் பாட்டி உயிருடன் இருக்கிறார் என்றே ஆங்கிலம் பேசுவோர் பெரும்பாலும் எண்ணுவர். மறைந்தவர் என்றால் "டோல்ட்" என்பதே இயல்பு.

இதில் வட்டார வேறுபாடும் உண்டு. "இன்னும்", "ஏற்கெனவே", "இப்போதுதான்" எனப் பொருள்படும் "யெட்", "ஆல்ரெடி", "ஜஸ்ட்" ஆகிய சொற்களுடன் பிரித்தானியர் பொதுவாக நிறைவு வடிவத்தை விரும்புவர். அமெரிக்கப் பேச்சில் "டிட் யூ ஈட் யெட்?" எனச் சாதாரண இறந்தகாலமும் தடையின்றி வரும். தேர்வுகளில் இதைப் பிழை எனக் கொள்ளும் பழக்கம் பிரித்தானிய வழக்கை மட்டும் அளவுகோலாகக் கொண்டதாகும்.

மூன்று புள்ளிகள்

அன்ஸ் ரைக்கன்பாக் 1947 இல் வெளியிட்ட குறியீட்டுத் தருக்கம் பற்றிய நூலில், ஆங்கிலக் காலங்களை மூன்று புள்ளிகளால் விளக்கலாம் எனக் காட்டினார். பேசும் பொழுது, நிகழ்வின் பொழுது, நிகழ்வை எங்கிருந்து பார்க்கிறோம் என்னும் நோக்குப் பொழுது ஆகியனவே அவை. சாதாரண இறந்தகாலத்தில் நிகழ்வும் நோக்கும் ஒன்றாகக் கடந்தகாலத்தில் உள்ளன. நிகழ்கால நிறைவில் நிகழ்வு கடந்துவிட்டது, நோக்கு மட்டும் பேசும் பொழுதிலேயே நிற்கின்றது.

இறந்தகால நிறைவு வடிவத்தில்தான் மூன்றும் தனித்தனியே பிரிகின்றன. "வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி டிரெய்ன் லெஃப்ட்" என்றால் நான் நிலையத்தை அடைந்ததும் தொடர்வண்டி புறப்பட்டது. "தி டிரெய்ன் ஹேட் லெஃப்ட்" என்றால் நான் அடையுமுன்பே அது போய்விட்டது. முதலாமவர் வண்டியைக் கண்ணால் கண்டவர், இரண்டாமவர் காணாதவர். நோக்குப் பொழுது எதுவும் சுட்டப்படாத தனித் தொடரில் இவ்வடிவத்துக்கு வேலை இல்லை. கடந்ததெல்லாம் "ஹேட்" பெறவேண்டும் என எண்ணி, "ஐ ஹேட் கான் டு மதுரை எஸ்டர்டே" என்று மட்டும் எழுதி நிறுத்தினால், அதன்பின் என்ன நடந்தது என்று படிப்பவர் காத்திருப்பார்.

வருங்காலத்தைச் சுட்டல்

தனி எதிர்கால வடிவம் இன்மையால் ஆங்கிலம் பல வழிகளில் வருங்காலத்தைச் சுட்டுகின்றது. கால அட்டவணைப்படி நடப்பதற்குச் சாதாரண நிகழ்காலம் வரும். ஏற்கெனவே ஏற்பாடு செய்ததற்குத் தொடர் நிகழ்காலம் வரும். முன்பே எண்ணியதற்கும், கண்முன் அறிகுறி தெரிவதற்கும் "கோயிங் டு" வரும். கருமேகத்தைக் காட்டி "இட் இஸ் கோயிங் டு ரெயின்" என்பர். பேசும்போதே எடுக்கும் முடிவுக்கும் வாக்குறுதிக்கும் "வில்" உரியது. தொலைபேசி ஒலிக்கும்போது எழுந்து செல்பவர் "ஐ வில் ஆன்சர் இட்" என்பார். "ஐ ஆம் கோயிங் டு ஆன்சர் இட்" என்றால் அழைப்பு வருமுன்பே அவர் அவ்வாறு தீர்மானித்திருந்தது போலாகும்.

"இஃப்", "வென்", "அன்டில்" ஆகியவற்றால் தொடங்கும் துணைத் தொடர்களில் வருங்காலச் செய்திக்கும் நிகழ்கால வடிவமே வரவேண்டும். "வென் ஹி கம்ஸ்" என்பதே வழக்கு, "வென் ஹி வில் கம்" அன்று. தமிழில் "வந்தால்" என்னும் எச்சம் எந்தக் காலத்துக்கும் பொருந்துவதால் இவ்விதியை மனதில் இருத்துவது கடினம்.

கடந்தகாலத்தைக் குறிக்காத இறந்தகாலம்

இறந்தகால வடிவம் எப்போதும் முன்பு நடந்ததைக் குறிப்பதில்லை. உண்மை அல்லாததைக் கற்பனை செய்யவும் அது பயன்படுகின்றது. "இஃப் ஐ ஹேவ் டைம், ஐ வில் கம்" என்பவர் வரக்கூடும். "இஃப் ஐ ஹேட் டைம், ஐ வுட் கம்" என்பவர் தமக்கு நேரமில்லை என்பதை நயமாகத் தெரிவிக்கின்றார். பணிவைக் காட்டவும் இவ்வடிவம் உதவும். "ஐ வாண்டட் டு ஆஸ்க் யூ சம்திங்" என்பவருடைய விருப்பம் முடிந்துவிடவில்லை. ஒரு சிலர் இறந்தகாலத்தின் அடிப்படைப் பொருளே "விலகல்" எனக் கொண்டு, பொழுதால் விலகியது, உண்மையில் இருந்து விலகியது, நேரடித் தன்மையில் இருந்து விலகியது என மூன்றையும் ஒன்றாக விளக்குவர். கற்பித்தலுக்கு இது பயனுள்ள விளக்கமாகும்.

அயற்கூற்றில் காலம் ஒரு படி பின்னே செல்வதும் இதனுடன் தொடர்புடையது. தமிழில் "என்று" என்னும் இடைச்சொல் மூலப் பேச்சை அப்படியே காக்கின்றது. "நான் வருவேன் என்றான்" என்பதில் வருவேன் என்ற சொல் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் "ஹி செட் ஹி வுட் கம்" என ஆளும் மாறும், "வில்" என்பது "வுட்" என்றும் மாறும். சொல்லப்பட்டது இன்றும் உண்மையாயின் இம்மாற்றம் கட்டாயமன்று.

சட்ட உரையில் காலம்

ஒரு வினையின் கால வடிவமே ஒருவருக்குத் தண்டனை உண்டா இல்லையா எனத் தீர்மானித்த வழக்குகள் உள்ளன. பாலியல் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் எனக் கோரும் சட்டமொன்று 2006 இல் ஐக்கிய அமெரிக்காவில் இயற்றப்பட்டது. அச்சட்டப்படி பதிவு செய்யக் கடமைப்பட்ட ஒருவர் மாநிலம் விட்டு மாநிலம் "டிராவல்ஸ்" (பயணம் செய்கிறார்), பின்னர் அறிந்தே பதிவு செய்யத் தவறுகிறார் என்றால் அது கூட்டாட்சிக் குற்றம் ஆகும். சட்டம் வருமுன்பே அலபாமாவில் இருந்து இந்தியானாவுக்கு இடம்பெயர்ந்திருந்த ஒருவர் மீது இப்பிரிவின்கீழ் வழக்குத் தொடரப்பட்டது.

கார் எதிர் ஐக்கிய அமெரிக்க நாடுகள் என்னும் அவ்வழக்கில் 2010 சூன் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தில் "டிராவல்ட்" என்றோ "ஹேஸ் டிராவல்ட்" என்றோ இல்லை. நிகழ்கால வடிவமே உள்ளது. சொற்பொருள் வரையறைக்கான அமெரிக்கச் சட்டம், நிகழ்கால வடிவச் சொற்கள் எதிர்காலத்தையும் உள்ளடக்கும் எனக் கூறுகின்றதேயன்றி, இறந்தகாலத்தைப் பற்றி எதுவும் கூறவில்லை. மேலும் "பதிவு செய்யக் கடமைப்பட்ட" என்பதை அடுத்து "பயணம் செய்கிறார்" என வருவதால், கடமை ஏற்பட்ட பின்னரே பயணம் நிகழ்ந்திருக்க வேண்டும் எனவும் நீதிமன்றம் கருதியது. மாறுபட்ட நீதிபதிகளின் வாதமும் இலக்கணம் சார்ந்ததே. சட்டங்களை நிகழ்காலத்தில் எழுதுவது ஒரு வரைவு மரபு எனவும், அவ்வடிவத்தைச் சட்டம் இயற்றப்பட்ட நாளுடன் பிணைக்கக்கூடாது எனவும் அவர்கள் எழுதினர். ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், 2006 க்கு முந்தைய பயணத்துக்கு அப்பிரிவு பொருந்தாது எனத் தீர்ப்பாயிற்று.